விடியற்காலையில் எழுப்பும் பூனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியே வாழும் முதியவர்களின் மனச்சோர்வு பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். நடைப்பயிற்சி, தியானம், கோயில், நண்பர்கள் என்று எல்லாம் இருந்தது. பூனை மட்டும் இல்லை.

குடமுருட்டி ஆற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. மனைவி காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகன் சிங்கப்பூரில், மகள் ஓசூரில். நெல் நிறைந்திருந்த பத்தாயத்தில் எலிகள்தான் மிச்சம். குறுவை அறுவடை நேரத்து மழையில் ஒரு பூனைக்குட்டி கொல்லைக் கதவோரம் வந்து ஒதுங்கியது. எலிக்காகத்தான் உள்ளே விட்டேன். பெயரும் குறுவை என்றே ஆகிவிட்டது.

அப்போதெல்லாம் எட்டு மணியானாலும் நான் படுக்கையை விட்டு எழுவதில்லை. எழுந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. குறுவையிடம் இந்தத் தத்துவம் செல்லாது. ஐந்து மணிக்கு மார்மேல் ஏறி உட்கார்ந்து, முன்னங்காலால் கன்னத்தைத் தட்டும். எழுந்து கதவைத் திறந்தால், வாசல் தெளிக்கும் எதிர்வீட்டு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச நேர்கிறது. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அவர்தான் ஜிலேபிக் கெண்டையை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கித் தருகிறார். அதை வாங்கப் போனால் அரைமணி நேரம் ஊர்க்கதை. (முதலில் நானும் பால்சோறுதான் வைத்தேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பது, அதற்குப் பேதி கண்ட பிறகே தெரிந்தது.)

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 249 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. நாய், பூனைகளை 10 நிமிடம் தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில், கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாம். குறுவை எனக்கு அனுமதிப்பது மூன்று நிமிடம்தான். மீறினால் வாலை அடித்துக்கொண்டு இறங்கிவிடும். ஆனால் நடு இரவில் விழிப்பு வரும்போது, எங்கோ அரவை மில் ஓடுவதுபோல் காலடியில் குர்குர் என்று கேட்கும். சற்று நேரத்தில் கண் சொருகிவிடுகிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவில்லை; பூனையை மருந்தென்று சொல்ல வரவில்லை.

பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும் ஊர் இது. "வீட்டுக்குள் பூனை ஆகாது அண்ணா" என்றாள் தங்கை. இது ஒரு நாளைக்கு நாற்பது முறை குறுக்கே போகிறது. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைப்போல இறைவனிடம் தன்னை விட்டுவிடுவதைத் தென்கலை வைணவர்கள் 'மார்ஜார நியாயம்' என்பார்கள்; ஸ்ரீரங்கம் போய்க் கேட்டுப் பார் என்றேன். அடுத்த முறை வந்தபோது அதற்கு ஒரு கிண்ணம் வாங்கி வந்தாள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வளர்க்கட்டும். கர்ப்பிணிகள் பூனையின் கழிவை அள்ள வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும். இது தெரியாதவர்கள் பலர். குறுவையைக் கட்டைப்பையில் வைத்து, வெறிநோய்த் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, மாடுகளோடு நின்றவர்கள் சிரித்தார்கள், உள்ளே இருந்தவரும் "பூனைக்குமா?" என்றுதான் கேட்டார்.

1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பூசி செலுத்தினார். அந்த நாளை ஒட்டி நடக்கும் தடுப்பூசி முகாம்களைப் பற்றி ஆண்டுதோறும் செய்தி போடுகிறீர்கள். இந்த முறை நாய்ப் படத்தோடு ஒரு பூனைப் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.