ஆற்றை அளக்கப் போகிறவளுக்கு

அன்புள்ள கண்ணு,

ஆனர்ஸ் முடித்தாயிற்று, மேலே நீரியல் படிக்கட்டுமா, பேசாமல் வங்கி வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். அன்று ராத்திரியே உன் அம்மாவும் போனில் பிடித்துக்கொண்டாள். "ஆத்தை அளந்து யாருக்கு அக்கா வயிறு நிறைஞ்சது?" என்றாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

இங்கே தென்னாப்பிரிக்காவில் முதுநிலைக்கு வழக்கமாக 2 வருடம், முனைவர் பட்டத்துக்கு 3 வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதற்கப்புறம் போஸ்ட்-டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை; அதில் வரும் பணம் சம்பளமே அல்ல, உதவித்தொகை. பெரும்பாலும் பென்ஷன் கிடையாது, மெடிக்கல் எய்டு என்கிற மருத்துவக் காப்பீடும் கிடையாது. நானும் அப்படித்தான் வருடக் கணக்கில் ஓட்டினேன். 5 மழைக்காலம் ஆற்றில் இறங்கி நானே எடுத்த வண்டல் மாதிரிகள் புட்டி புட்டியாகக் குளிர் அறையில் இருந்தன. ப்ராஜெக்ட் பணம் தீர்ந்ததும், இடம் வேண்டுமென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். லீவு முடிந்து வந்தபோது கழுவிக் கவிழ்த்த புட்டிகள்தான் இருந்தன. இன்னும் மனசு ஆறவில்லை.

அப்படியும் உன்னை வா என்றுதான் கூப்பிடுகிறேன்.

1917 அக்டோபரில் இங்கே டர்பனில் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்ட் பள்ளத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த நம் இந்தியச் சனங்களை அடித்துக்கொண்டு போனது. கரைவலை போடும் 6 மீனவர்கள் திரும்பத் திரும்பப் படகில் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவத்தான் அறுவர் என்று அவர்களைச் சொல்வார்கள்; பெயரைச் சொல்லும்போதே படவு காதில் விழுகிறது. அதே பள்ளத்தில்தான் பிறகு டின் டவுன் தகரக் குடிசைகள் வந்தன. 1976-இல் மறுபடி வெள்ளம் வந்து, அங்கிருந்தவர்களை டர்பனுக்கு வடக்கே இருக்கிற ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 1987-இல் ஒன்று. 2022 ஏப்ரலில் நீயே பார்த்தாய், 400 பேருக்கு மேல் செத்தார்கள்.

பெருவெள்ளத்தில் பல சமயம் முதலில் அடித்துப் போவது ஆற்றில் வைத்த அளவுக்கருவிதான். வடிந்த பிறகு, செத்தை எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று கரையோரம் தேடி அலைய வேண்டும். அந்த ஏப்ரலில் ஓர் அத்திமரத்தில், என் தலைக்கு மேலே இரண்டு முழத்தில், கரும்புச் சருகோடு யார் வீட்டுத் திரைச்சீலையோ சுற்றிக்கொண்டு கிடந்தது. கொக்கிகூடக் கழலவில்லை. அதற்கு நேராக அளவுகோலைப் பிடித்தபோது கை நடுங்கியது. அந்த உயரம், ஆற்றின் சரிவு, குறுக்குவெட்டு, படுகையின் சொரசொரப்பு எல்லாம் சேர்த்து மானிங் சூத்திரத்தில் போட்டால் உச்சத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று கிடைக்கும். அடுத்த பாலத்தை எவ்வளவு உயர்த்துவது, எந்த மேட்டில் வீடு கட்ட விடுவது என்பதற்கெல்லாம் அந்த எண் வேண்டும். ஆயா சுவரைத் தொட்டு "தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு" என்று காட்டுவாளே, அதே வேலைதான்.

டிராக்கன்ஸ்பெர்க் மலையில் கதீட்ரல் பீக் ஓடைகளை 1940களிலிருந்து அளந்து வந்தார்கள். 1990களில் அது நின்றது. 2010களில் மறுபடி உயிர் பெற்றது. நடுவில் போன வருடங்களின் ஓட்டத்தை இனி யாராலும் அளக்க முடியாது. பல்கலைக்கழகமோ உன் கட்டுரைகளை எண்ணும். ஓடையை விடாமல் அளந்த 10 வருடத்துக்கு அங்கே பெரிதாக மதிப்பு இல்லை. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

அதனால் ஆய்வு வழிகாட்டியைப் பார்க்கும்போது கட்டுரை எத்தனை என்று கேட்காதே. ப்ராஜெக்ட் முடிந்தபின் அளவுகள் எங்கே இருக்கும், கருவியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பார். சாக்னாஸ்ப், அதாவது இந்நாட்டு இயற்கை அறிவியலாளர்களைப் பதிவு செய்யும் மன்றம், அதில் பதிவதையும் தள்ளிப் போடாதே. பல்கலைக்கழகம் கைவிட்டாலும் நகராட்சி, அணை நிர்வாகம், கன்சல்டிங் என்று வேறு கதவுகள் திறக்கும். உன் அம்மாவிடம் இதைச் சொல், கொஞ்சம் சமாதானம் ஆவாள்.

சனிக்கிழமை காலை 6 மணிக்கு மெரிபேங்க் வீட்டுக்கு வந்துவிடு. என் ஓடையின் நீரோட்டத்தை அளக்கும் மதகில் நாணல் அடைத்துக் கிடக்கிறது, வெட்ட வேண்டும். ரப்பர் பூட்ஸ் என்னிடம் இருக்கிறது. உனக்குச் சரியாக இருக்கும்.

உன் பெரியம்மா