துத்தி மீட்புப் பணி: கூத்துக் கலைஞர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த வாத்தியார்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானத்தின்படி, தெருக்கூத்தில் ஒருகாலத்தில் சுருதிக்கு நின்ற தோற்பைக் காற்றுக்கருவியான துத்தியை மீண்டும் ஒலிக்கச் செய்வதையே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக மேற்கொண்டோம். தோற்பைக் கருவி என்றதும் ஸ்காட்லாந்துக்காரரின் பேக்பைப்பை நினைப்போர் நம்மிலும் உண்டு. மதுப்புட்டியில் ஒட்டிய படம் செய்த உபகாரம் அது. அக்கருவியில் பாட்டுக்குத் துளையிட்ட குழல் ஒன்றும் சுருதிக்கு மூன்று குழல்களும் உள்ளன. நம் துத்தியிலோ பாட்டுக்குழலே கிடையாது. ஆட்டுத்தோல் பையில் வாயால் காற்றை நிரப்பிக் கையிடுக்கில் அமுக்கினால், நாணல் நாக்குப் பொருத்திய குழல் ஒரே சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். ஊதுபவர் மூச்சு வாங்கும்போதும் சுருதி அறுபடாது. 1891இல் கேப்டன் சி. ஆர். டே என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி வெளியிட்ட தென்னிந்திய இசை பற்றிய நூலில் இவ்வகைக் கருவி 'சுருதி உபாங்கம்' என்ற பெயரில் விவரிக்கப்பட்டுள்ளது.

ஆர்மோனியம் என்னும் ஒரே பெட்டி சுருதியும் கொடுத்து, பின்பாட்டையும் தொடர்ந்து வாசித்தபின், துத்திக்காரருக்கென வருமானத்தில் தனிப்பங்கு ஒதுக்க ஜமாக்களுக்கு, அதாவது கூத்துக் குழுக்களுக்கு, மனம் வரவில்லை. வயிற்றுப்பாட்டுக் கணக்கில் அதைத் தவறென்று சொல்ல இயலாது.

இவ்வாண்டு இரண்டு பைகள் செய்தோம். முதற்பை மழைக்காலத்தில் பூசணம் பிடித்துக் கெட்டது. ஈரமான பையைக் காற்றாட உலர்த்தாமல் சுருட்டி வைத்தது என் தவறே. இரண்டாவது பை காற்றை நன்றாகப் பிடிக்கிறது. ஆயினும் நாக்கைச் சீவுவதில்தான் பல வாரங்கள் கழிந்தன: சற்றுக் கூடுதலாகச் சீவினால் நாக்கு ஒட்டிக்கொண்டு ஊமையாகிறது, தடிப்பாக விட்டால் பேசுவதில்லை, நுனியில் ஒரு பொட்டு மெழுகு வைத்தால் சுருதி இறங்குகிறது. இதைவிடக் கடினமானது கைப்பழக்கம். கை சிறிது தளர்ந்தாலும் சுருதி அசைவதால், ஒத்திகையில் முகவீணை என்னும் சிறு ஊதுகுழலை வாசிப்பவர் இருமுறை வாசிப்பை நிறுத்திவிட்டார்.

எனவே முழு இரவுக் கூத்தில் துத்தியை இவ்வாண்டு மேடையேற்றவில்லை. ஒரு மாலை ஒத்திகையில் கடவுள் வாழ்த்து முடியும்வரை மட்டும் அது பிசகாமல் நின்றது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் இளைஞர் ஒருவரைத் துத்திக்கென்றே பயிற்றவும், ஒத்திகை நாள்களில் அவருக்கு முழுப்பங்கு வழங்கவும் இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்