பெண்கள் எடைப்பிரிவு: ஞாயிறு போட்டிக்கு வருபவர்கள் படிக்கவும்

அக்காமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

ஞாயிறு நாகர்கோவிலில் நடக்கும் நம் கைமல்யுத்தப் போட்டிக்கு இதுவரை 14 பெண்கள் பெயர் தந்திருக்கிறார்கள். போன தடவை எல்லாரையும் ஒரே பிரிவில் போட்டோம். 49 கிலோ தங்கச்சி 76 கிலோ அக்காவோடு மோத வேண்டி வந்தது. அது எங்கள் தப்புதான்.

உலகக் கைமல்யுத்தக் கூட்டமைப்பின் போட்டிகளில் சீனியர் பெண்களுக்கு 50, 55, 60, 65, 70, 80 கிலோ என்று பிரிவுகள் ஏறிக்கொண்டே போகும். 14 பேரை அப்படிப் பிரித்தால் சிலருக்கு எதிராளியே இருக்கமாட்டார். தனியாக நின்று மெடல் வாங்குவதில் என்ன ருசி? அதனால் மூன்றே பிரிவு: 55 வரை, 70 வரை, 70-க்கு மேல். தராசு 55.2 காட்டினால் அடுத்த பிரிவுதான், கெஞ்சக் கூடாது.

எடை பார்ப்பது காலை 8 மணிக்கு. பிரிவு இறங்குவதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். முந்தின நாள் மரச்சீனியும் மீன்கறியும் தாராளமாகச் சாப்பிடலாம். எடை மட்டுமே எல்லாம் இல்லை. ரப்பர் பால் வெட்டப் போகிற அக்காமாரின் பிடியில் சிக்கியவர்களுக்கு அது தெரியும்!

வலக்கை, இடக்கை தனித்தனிப் போட்டி. மேசையில் முழங்கை ஊன்றும் மெத்தையை விட்டு முழங்கை எழும்பினால் ஃபவுல், இரண்டு ஃபவுல் என்றால் தோல்வி. அப்புறம் ஒன்று: தோற்கும் நேரத்தில் உடம்பை மறுபக்கம் திருப்பாதீர்கள். மேல்கை எலும்பு முறிவது அப்படித்தான். முகம் எப்போதும் கையைப் பார்த்தே இருக்கட்டும்.

எந்தக் கை என்பதை வெள்ளி இரவுக்குள் இங்கேயே போடுங்கள்.