நாலு குடித்தனம், ஒரே மீட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

இலவச மின்சாரத்தால் அரசுக்கு எவ்வளவு சுமை என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த மின்சாரம் யார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது செல்லூரில் ஒரு வளவு வீடு. நாலு குடித்தனம், மாடிப்படிக்கு அடியில் ஒரே மீட்டர். வீட்டுக்காரர் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு குட்டி மீட்டர் மாட்டியிருக்கிறார், ரீடிங் எடுத்த மறுநாள் டார்ச் லைட்டும் டைரியுமாக வந்து எண்ணைக் குறித்துக்கொண்டு யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று கணக்குச் சொல்வார். போன தடவை இரண்டு மாதத்துக்கு எங்களுக்கு 180 யூனிட், 1,620 ரூபாய். இரண்டு ஃபேன், டியூப் லைட், டிவி, மிக்சி, ஒரு பழைய ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். இதே 180 யூனிட் எங்கள் பெயரில் தனி இணைப்பில் ஓடியிருந்தால் முதல் 100 இலவசம், மிச்ச 80-க்கு யூனிட் இரண்டு ரூபாய் சில்லறை, 200 ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தபோது அது வீட்டு இணைப்புக்கு என்றுதான் வந்தது, குடும்பத்துக்கு என்று வரவில்லை. அங்கேதான் எல்லாம் கோணலாகிறது. நாலு குடும்பம் சேர்ந்து 800 யூனிட் எரித்தால் இலவசம் ஒரே ஒரு 100, அதுவும் வீட்டுக்காரர் பில்லில் கழிகிறது. 500-ஐத் தாண்டியதால் குறைந்த விலை போய்விடுகிறது, 600-க்கு மேல் யூனிட் 9 ரூபாயைத் தாண்டுகிறது. அவர் கட்டுவது ஏறக்குறைய 5,000, எங்கள் நாலு பேரிடம் வாங்குவது 7,000-க்கு மேல். தனி மீட்டர் கேட்டு மின்வாரியத்துக்குப் போனால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கொண்டுவா என்கிறார்கள், அவர் எப்படித் தருவார்? இரண்டு தெரு தள்ளி ஒரே குடும்பம் இருக்கும் மூன்று மாடி வீட்டில் மாடிக்கு ஒரு இணைப்பு. ஏசி ஓடும் அந்த வீட்டுக்கு 300 யூனிட் இலவசம்.

அப்புறம், பக்கத்து வாசல் அக்காவின் கதை. பூக்கட்டித்தான் பிழைப்பு. மாட்டுத்தாவணியிலிருந்து மல்லி வந்து இறங்கியதும் வீட்டு லைட்டை அணைத்துவிட்டு வாசல்படியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கட்டுவார், நார் நனைத்த தண்ணீர்க் கிண்ணம் பக்கத்தில் இருக்கும். டைரியில் அவர் கணக்கு எப்போதும் 100-க்குள்தான், நியாயப்படி கரண்டுக்கு ஒரு பைசா கட்ட வேண்டாதவர். 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்துகிற குடும்பம் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். படிவத்தில் கேட்ட இணைப்பு எண் என்று அவர் கொடுத்தது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்த ஒரே எண்ணை. "நான் எங்க தம்பி அவ்வளவு கரண்டு எரிச்சேன்?" என்று கேட்டார். மேல்முறையீடும் செய்தோம், டைரிப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்தோம், அதே பதில்தான் வந்தது.

நான் இலவசத்துக்கு எதிரி இல்லை. ரேஷன் அரிசி வாடகை வீடா சொந்த வீடா என்று பார்க்காமல் அட்டைக்கு வருகிறது, அந்த அக்கா வீட்டிலும் அதில்தான் உலை கொதிக்கிறது. காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் இதே மதுரையில்தான் தொடங்கினார்கள், தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளையிடம் உன் வீட்டு மீட்டர் யார் பெயரில் என்று யாரும் கேட்பதில்லை. அரிசியை அட்டைக்குக் கொடுக்கத் தெரிந்த அரசால் 100 யூனிட்டையும் அட்டைக்குக் கொடுக்க முடியும். வாடகைக்காரருக்கு அந்தக் காசைக் கணக்கில் போட்டாலும் சரி. உரிமைத் தொகையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு மீட்டர் கணக்கைப் பார்ப்பதை உடனே நிறுத்த வேண்டும்.

அடுத்து இலவச மின்சாரம் பற்றி எழுதுவதற்கு முன் உங்கள் செய்தியாளரைச் செல்லூர், ஆரப்பாளையம், முனிச்சாலை பக்கம் ஏதாவது ஒரு வளவுக்கு அனுப்புங்கள். மாடிப்படிக்கு அடியில் எத்தனை மீட்டர், உள்ளே எத்தனை அடுப்பு என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
செல்லூர், மதுரை.