தனி ஆவர்த்தனத்தின்போது எங்களை வெளியே நிறுத்தாதீர்கள்

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம். மார்கழிக் கச்சேரிகளைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவன் நான். சில அரங்குகளில் படமெடுப்பதற்கு இருக்கும் ‘முதல் பத்து நிமிடம் மட்டும்’ என்ற விதியைப் பற்றியே இந்த மடல்.

விதியின் காரணம் எனக்குப் புரியும். ஆலாபனை மேல் ஷட்ஜத்தில் நின்று, தம்பூரா மட்டும் ஒலிக்கும் நொடியில் ஷட்டர் சத்தம் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ஒருமுறை நானே அந்தத் தவற்றைச் செய்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஃபிளாஷ் அதைவிடக் கொடுமை. இரண்டையும் அடியோடு தடை செய்யுங்கள்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எங்களுக்குக் கிடைப்பது வழக்கமாகத் தொடக்கப் பாடலாக வரும் வர்ணம். குரல் இன்னும் பதமாகவில்லை. பாடகர் ஒலியமைப்பாளருக்குச் சைகை காட்டிக்கொண்டிருக்கிறார். கடமும் கஞ்சிராவும் அளவோடு வாசிக்கும் நேரம் அது. அவர்களுடைய நேரம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். மாறி மாறி வாசிக்கும் குறைப்பில் ஓர் ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று), அரை, கால் என்று சுருங்கிச் சுருங்கி, மோராவில் ஒன்றுசேர்ந்து, முத்தாய்ப்பான கோர்வையை எட்டும்போது பாடகர் தாளம் போட்டபடியே பூரிக்கிறார். வயலின் கலைஞர் வில்லை மடியில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார். அந்த முகங்கள் மலரும்போது நாங்கள் அரங்குக்கு வெளியே நிற்கிறோம்.

ஒரு கடக் கலைஞர் தம் அறிமுகக் குறிப்புக்குப் படம் கேட்டார். மைக் கம்பத்துக்குப் பின்னால் பாதி முகம் தெரியும் படம்தான் என்னிடம் இருந்தது. அதைக் கொடுக்கவே மனம் வரவில்லை.

இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் சத்தமே எழுப்பாத எலக்ட்ரானிக் ஷட்டர் உண்டு. எல்.இ.டி. விளக்கில் படத்தில் பட்டை விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குவதால் 1/100 நொடியில் எடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். அது எங்கள் பாடு.

எங்களுக்கு வேண்டியது பக்கச் சுவரோரம் ஓர் இடம். சத்தமில்லாத கேமராவுடன் அங்கேயே அசையாமல் நிற்போம். ராகம் பாடும்போது எடுக்க மாட்டோம். மிருதங்கத்தின் வலந்தலை (வலக்கை வாசிக்கும் பக்கம்) அவையை நோக்கியிருப்பதால் கலைஞரின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். எதிர்ப்புறச் சுவரோரத்திலிருந்துதான் அது நன்றாகத் தெரியும். நடுவில் வந்து யாரையும் மறைக்க வேண்டியதே இல்லை. எடுக்கும் படங்களை மேடையிலிருந்த அனைவருக்கும் கட்டணமின்றித் தருகிறேன்.

வரும் மார்கழியில் ஒரே ஒரு மாலைக் கச்சேரியில் சோதித்துப் பாருங்கள். ஒரு ரசிகர் திரும்பிப் பார்த்தாலும் அக்கணமே கேமராவை உறையில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ஒரு கச்சேரிப் புகைப்படக்காரன்