கதிர், சனிக்கிழமை முழுவதையும் இதற்குக் கொடுக்காதே

அன்புள்ள கதிர்,

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேர டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக, ஒருவர் கதை உலகத்தை நடத்த மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் அந்த ஆட்டத்துக்காக, சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதுகிறாய், எழுதியதில் பாதி மேஜைக்கே வருவதில்லை, இப்படியே போனால் கேம்பெய்னை, அதாவது இத்தனை நாள் தொடர்ந்து வரும் கதையையே, நிறுத்திவிடலாம் போலிருக்கிறது என்று போனில் சொன்னாய். நிறுத்தாதே கண்ணா. டப்ளினுக்குப் போய் உனக்குக் கிடைத்த நண்பர்கள் அந்த மேஜையைச் சுற்றித்தான் கிடைத்தார்கள், அது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. ஆட்டம் அப்படியே இருக்கட்டும், நீ தயாராகும் விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பார். நானும் இங்கே டிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டராக, உட்காருகிறவள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

நீ அனுப்பிய குறிப்புகளைப் படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய், ஆனால் அது கதையாக இருக்கிறது. முதலில் கலங்கரை விளக்கத்துக்குப் போவார்கள், அங்கே கடிதம் கிடைக்கும், அதை வைத்துக் கிடங்குக்குப் போவார்கள், அங்கே சண்டை. உன் பிளேயர்கள் நேராகச் சாராயக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் எல்லாம் வீண், அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதனால் என்ன நடக்கும் என்று எழுதுவதை விட்டுவிடு. யாருக்கு என்ன வேண்டும், யாரும் குறுக்கே வராவிட்டால் அடுத்து என்ன ஆகும், இந்த இரண்டை மட்டும் எழுது. உன் துறைமுக ஊருக்கு இது போதும்: விளக்குக் காவலாளி கடத்தல் கும்பலிடம் பணம் வாங்கிக்கொண்டு அமாவாசை இரவுகளில் விளக்கை அணைக்கிறான், துறைமுக அதிகாரிக்கு அது தெரியும், ஆனால் அவருடைய மகனே கும்பலில் இருப்பதால் வாயைத் திறப்பதில்லை, கும்பலின் தலைவிக்கு அடுத்த கப்பலோடு இந்த ஊரை விட்டே போய்விட வேண்டும். மூன்று வரி. பிளேயர்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த ஆள் என்ன சொல்வான், எதை மறைப்பான் என்று உனக்கே தெரிந்துவிடும்.

2010இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட அபாக்கலிப்ஸ் வேர்ல்ட் என்ற இதே மாதிரி ஆட்டத்தில், ஆட்டத்தை நடத்துகிறவர் கதையை முன்கூட்டியே திட்டமிடக் கூடாது என்பது விதியாகவே இருக்கிறது. அதிலிருக்கும் கடிகாரத்தை நீ டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரித்துக்கொள், மேலே ‘தலைவி தப்பிக்கிறாள்’ என்று எழுது. பிளேயர்கள் நேரத்தை வீணாக்கும்போதோ ஏதாவது சொதப்பும்போதோ ஒரு துண்டை நிரப்பு. ஆறும் நிரம்பினால் கப்பல் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். நீ எழுதி வைத்த கால அட்டவணை முழுவதும் செய்யும் வேலையை இந்த ஒரு வட்டம் செய்துவிடும்.

அப்புறம் துப்புகள். கடிதம் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது என்று ஏன் எழுதுகிறாய்? இழுப்பறையை யாரும் திறக்காவிட்டால் உன் மர்மம் அங்கேயே நின்றுவிடும். ‘அதிகாரியின் மகன் கும்பலில் இருக்கிறான்’ என்பதை மட்டும் குறித்து வை. சாராயக்கடைக்காரி சொல்லலாம், பிடிபட்டவன் உளறலாம், படகில் கிடக்கும் கணக்குப் புத்தகத்தில் அவன் பெயர் இருக்கலாம். இப்படி ஒற்றை வரியில் ஒரு பத்து உண்மைகள் இருந்தால் ஒரு செஷன் தாராளமாக ஓடும். வெளிவராதது அடுத்த வாரத்துக்கு ஆகும்.

காவல் சிலைக்காக ஒரு மாலை முழுவதும் செலவழித்துப் புதிதாக ஒரு மான்ஸ்டரைக் கட்டியிருக்கிறாய். புத்தகத்தில் இருக்கும் ஓகர் என்ற ராட்சதனையே எடுத்துக்கொள்: 2014 விதிகளின்படி ஆர்மர் கிளாஸ், அதாவது அவன்மேல் அடி விழ எட்ட வேண்டிய எண், 11, ஹிட் பாயின்ட், அதாவது அவன் தாங்கும் சேதம், 59, கதாயுதத்தால் அடித்தால் சேதம் இரண்டு எட்டுமுகப் பகடையோடு நான்கு. கதாயுதத்தைக் கல் முஷ்டி என்று சொல், விஷம் ஏறாது என்று ஒரு வரி சேர், உன் சிலை தயார். மேஜையில் யாருக்கும் ஓகர் தெரியாது, நீ வர்ணிக்கும் சிலைதான் தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும், பகடை உருட்டி எட்ட வேண்டிய எண்ணாக, சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20 என்ற மூன்று எண்களே போதும், ஒவ்வொரு பூட்டுக்கும் தனியாக எழுதி வைக்காதே. பெயர்கள் மட்டும் ஒரு இருபது எழுதி வை, ஏனென்றால் திடீரென்று மீன்காரன் பெயர் என்ன என்று கேட்டால்தான் எல்லோருக்கும் மூளை நின்றுபோகிறது.

முன்பே எழுதாமல் அங்கேயே உருவாக்கினால் நண்பர்களை ஏமாற்றுவது போலிருக்கிறது என்கிறாய். இல்லை கண்ணா. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடிலேயே, பகடையை உருட்டி அறையும் பாதையும் உருவாக்கிக்கொள்ளும் அட்டவணைகள் பின்னிணைப்பாக இருக்கின்றன. மேஜையில் கண்டுபிடிப்பதும் இந்த ஆட்டத்தின் பழைய வழக்கம்தான். பிளேயர்களையும் அதில் இழுத்துவிடு. ‘உன் கேரக்டர் இந்த ஊருக்கு முன்பே வந்திருக்கிறாள், இங்கே அவளுக்கு யாரிடம் கடன்?’ என்று கேட்டுப் பார், நீ யோசித்தே இருக்காத ஒரு ஆளை அவளே தருவாள், அந்த ஆள்மேல் அவளுக்கு அக்கறையும் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நேரத்தை மிச்சப்படுத்துவது ஒரு கேள்வி. செஷன் முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டுவதற்கு முன்னால், அடுத்த முறை எங்கே போகப் போகிறீர்கள் என்று கேள். அவர்கள் சொன்ன இடத்துக்கு மட்டும் தயார் செய். போகாத மூன்று இடங்களுக்கான வேலை அங்கேயே குறைந்துவிடும்.

வரைபடம் வரைவதை மட்டும் நான் வேலைக் கணக்கில் சேர்க்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தீவு வரைகிறவன் நீ, அது உனக்குச் சந்தோஷம், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வரை.

மிச்சம் இருக்கும் நேரத்தைத் தொடக்கத்துக்குக் கொடு. இந்த ஞாயிறு சாராயக்கடையில் பேச்சோடு ஆரம்பிக்காதே. இருட்டு, விளக்கு அணைந்திருக்கிறது, ஒரு கப்பல் பாறையில் மோதுகிறது, ஆட்கள் கத்துகிறார்கள், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. கடலில் குதிப்பார்களா, விளக்கை நோக்கி ஓடுவார்களா, எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. முடிந்ததும் எவ்வளவு நேரமானாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா