பெயர் தெரியாத கார்க்காரருக்கு நன்றி

பெட்ரோல் செலவைப் பங்கிட்டு, கார் மாறிக் கார் மாறி நாட்டின் குறுக்கே ஆவணப்படம் எடுத்துவருகிறோம். ஓடும் காரில் படத்தைவிட ஒலிதான் பெரும்பாடு. எஞ்சின் உறுமலும் காற்றிரைச்சலும் பேச்சை விழுங்கிவிடும். நாங்கள் கேட்காமலேயே நீங்கள் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்து, வேகத்தையும் குறைத்தீர்கள். பின்சீட்டுப் பாட்டி தன் கதையை முடிக்கும்வரை கழுத்தில் வழிந்த வியர்வையைக்கூட நீங்கள் துடைக்கவில்லை. பிறகு 30 நொடி யாரும் பேசாமல் காரின் வெற்று ஒலியைப் பதிவுசெய்ய விட்டீர்கள். எடிட்டிங்கில் பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களை அந்த ஒலியால் நிரப்பி மறைக்க அது எத்தனை பெரிய உதவி! எங்கள் பேட்டரிகளும் உங்கள் வண்டியின் 12 வோல்ட் இணைப்பில்தான் உயிர்பெற்றன. பங்குப் பணத்தையும் மறுத்துவிட்டீர்கள், ஐயா. படத்தின் நன்றி வரிசையில் முதலிடம் உங்களுக்குத்தான். இதைப் பார்த்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள்.